குடும்பத்தோடு இலைச் சாப்பாடு: நெல்லைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில், ரத வீதிக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. மே மாத விடுமுறை, ஆனித் தேர், குற்றாலச் சாரல், புரட்டாசி என்று ஆண்டில் பாதி நாள் உறவுக்காரர்கள் யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். பெட்டியை இறக்கி வைத்ததும் கேட்பது, "நாளைக்கு எல்லாருமாக நல்ல சைவச் சாப்பாடு சாப்பிடப் போகலாமா?" என்பதுதான். அதைத் தொடர்ந்து வருகிற கேள்விகளும் வருடத்துக்கு வருடம் மாறுவதில்லை. ஒரே பதிலைத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன். எந்த ஹோட்டலின் பெயரையும் சொல்லப் போவதில்லை. சமையல்காரர் மாறினால் ருசி மாறிவிடும், பழி என் தலையில் விழும்.

சித்தப்பா, இலைச் சாப்பாடு என்றால் என்னென்ன வரும்?

சோறு, பருப்பும் நெய்யும், சாம்பார், வற்றல் குழம்பு அல்லது மோர்க்குழம்பு, ரசம், மோர். இலையின் மேல் பாதியில் ஒரு கூட்டு, ஒரு பொரியல், அவியலோ பச்சடியோ ஏதாவது ஒன்று, ஊறுகாய், அப்பளம், பாயசம். ஞாயிற்றுக்கிழமை, விசேஷ நாள் என்றால் வடையும் சேரும்.

இதில் அப்பளத்தை அலட்சியம் செய்யாதீர்கள். இங்கிருந்து மேற்கே தாமிரபரணிக் கரையில் இருக்கிற கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கென்றே பெயர் வாங்கிய ஊர். உளுந்தின் மணம் பொரித்த பிறகும் தெரிகிற அப்பளம் இலையில் விழுந்தால், அந்த ஹோட்டல்காரர் மற்றவற்றிலும் கஞ்சத்தனம் செய்திருக்கமாட்டார் என்பது என் கணக்கு. இதுவரை பெரிதாகப் பிசகவில்லை.

எத்தனை மணிக்குப் போனால் சரியாக இருக்கும்?

பன்னிரண்டேகால். அது இலை முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம். வீட்டில் செருப்பைத் தேடுகிற நேரம் அன்று.

மதியச் சாப்பாடு பெரும்பாலான இடங்களில் பதினொன்றரை, பன்னிரண்டுக்குத் தொடங்கும். மூன்று மணிக்கு முடித்துக்கொண்டு டிபனுக்கு மாறிவிடுவார்கள். முதல் பந்தியில் பொரியல் சட்டியிலிருந்து இறங்கிய சூட்டோடு வரும். ரசம் தெளிவாக இருக்கும். இரண்டு மணிக்குப் போனால் ரச வாளியில் அடிமண்டிதான் மிச்சம். காலையில் செய்த கூட்டு தீர்ந்து, அவசரத்துக்குத் தாளித்த ஏதோ ஒன்று கூட்டு என்ற பெயரில் வரும். விலை மட்டும் அதேதான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மணிக்கு மேல் நாம் சாப்பிடுகிற நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்தவர் வந்து நின்றுகொள்வார். அவர் மூச்சு நம் பிடரியில் படும்போது பாயசம் இறங்காது. ஒருமுறை நாங்கள் பதினொரு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மாவும் என் மகனும் ஒரு மேசையில், அண்ணனும் மதினியும் தூணுக்கு அந்தப் பக்கம், மற்றவர்கள் கிடைத்த இடத்தில். யார் என்ன சாப்பிட்டார்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை, முகூர்த்த நாளோடு சேர்ந்த ஞாயிறு, ஐயப்ப பக்தர்கள் போய்வருகிற கார்த்திகை, மார்கழி மாதங்கள் ஆகிய நாட்களில் பன்னிரண்டேகாலைப் பன்னிரண்டு என்று திருத்திக்கொள்ளுங்கள்.

அளவுச் சாப்பாடு வாங்குவதா, முழுச் சாப்பாடு வாங்குவதா?

அளவுச் சாப்பாட்டில் தட்டில் கிண்ணங்கள் அடுக்கி ஒரே தடவை வரும். முழுச் சாப்பாட்டில் இலை போட்டு, கேட்கக் கேட்கப் பரிமாறுவார்கள். குடும்பத்தோடு வந்து இரண்டு மணி நேரம் சிரித்துப் பேசிச் சாப்பிட நினைக்கிறவர்களுக்கு இலைதான். பஸ் பிடிக்க வேண்டியவர்களுக்கு அளவுச் சாப்பாடு போதும்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி வாங்க வேண்டியதில்லை. கல்லாவில் டோக்கன் வாங்கும்போதே, பெரியவர்கள் இத்தனை இலை, பிள்ளைகளுக்கு இத்தனை அளவுச் சாப்பாடு என்று பிரித்துச் சொல்லிவிடலாம். ஆனால் முழுச் சாப்பாட்டு இலை ஒன்றில் இரண்டு பேர் பங்கிட்டுச் சாப்பிடுவதை ஹோட்டல்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மடியில் உட்கார்ந்து ஊட்டிவிடுகிற வயதுக் குழந்தையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பலகையில் 'சைவம்' என்று எழுதியிருந்தால் நம்பிப் போகலாமா?

'சைவ உணவகம்', 'உயர்தர சைவ உணவகம்' என்று எழுதியிருந்தால் போகலாம். 'சைவம், அசைவம்' என்று இரண்டையும் எழுதியிருந்தால் அடுப்படி ஒன்றா, இரண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய்ச் சட்டி ஒன்றாக இருந்தால் அப்பளத்துக்கும் மீனுக்கும் இடையில் திரை போட முடியாது. முட்டையைச் சைவத்தில் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஐயம் இருந்தால் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் பக்கத்தில் 'சைவம்' என்ற சொல்லுக்கு ஒரே சமயத்தில் இரண்டு பொருள். புலால் தவிர்த்த சாப்பாடும் சைவம், சிவனைக் கும்பிடுகிற சமயமும் சைவம். சைவ வேளாளர் வீட்டுச் சமையல்தான் இன்று 'திருநெல்வேலிச் சமையல்' என்று வெளியூரில் பெயர் வாங்கியிருக்கிறவற்றில் பாதி. சொதியைப் பற்றிக் கேட்கும்போது அதைச் சொல்கிறேன்.

இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? சாப்பிட்ட பிறகு எப்படி மடிப்பது?

சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் நுனி, வலப்பக்கம் அகலமான பகுதி. சோறு பிசைகிற கை வலக்கை, அதற்கு இடம் வேண்டும், அவ்வளவுதான். ஹோட்டலில் பெரும்பாலும் நறுக்கிய துண்டு இலைதான் வரும், அதில் நுனியைத் தேடி மெனக்கெட வேண்டாம். நரம்பு குறுக்கே போகும்படி வைத்தால் போதும். தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு உட்காருங்கள்.

முடித்ததும் மேல் பாதியை நம்மை நோக்கி மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டு வழக்கம். ஹோட்டல் மேசையைத் துடைக்க வருகிறவர் இதையெல்லாம் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருக்கிற அத்தை பார்ப்பாள்.

எதை முதலில் பிசைந்து சாப்பிடுவது? வரிசை தப்பினால் என்ன ஆகும்?

பருப்பும் நெய்யும் முதலில், பிறகு சாம்பார், அதன்பின் வற்றல் குழம்பு அல்லது மோர்க்குழம்பு, ரசம், கடைசியில் மோர். பாயசத்தை ரசத்துக்குப் பிறகு, மோருக்கு முன்னால் சாப்பிடுகிறவர்கள் இங்கே அதிகம். அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுவதை வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு வாய் கொடுத்துப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

வரிசை தப்பினால் ஒன்றும் ஆகாது. சாம்பாரிலேயே வயிறு நிறைந்துவிட்டால்தான் நஷ்டம். முதல் தடவை வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற பிழை இதுதான். ஒரு குன்று சோற்றைச் சாம்பாரில் கரைத்துவிட்டு, ரசம் வரும்போது திணறுவார்கள். சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொல்லுங்கள். முழுச் சாப்பாட்டில் அவசரம் எதற்கு?

சப்ளையரிடம் மறுபடி மறுபடி கேட்டால் தப்பாக நினைப்பாரா?

நினைக்கமாட்டார். நான்கு கிண்ணம் சேர்ந்த தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு மேசைக்கு மேசை நடக்கிறவருக்கு, கேட்கிறவரை விட, கேட்காமல் வெறித்துப் பார்க்கிறவரால்தான் தொல்லை. 'அண்ணாச்சி, அவியல் கொஞ்சம்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். எங்கள் ஊரில் 'அண்ணாச்சி' என்றால் எந்த வயதுக்காரரும் திரும்பிப் பார்ப்பார்.

போதும் என்றால் இலைக்கு மேல் கையை விரித்துக் காட்ட வேண்டும். வாயால் மட்டும் சொன்னால் அதற்குள் ஒரு கரண்டி விழுந்திருக்கும். வாங்கி வீணடிப்பதுதான் மரியாதைக் குறைவு.

பிள்ளைகள் காரம் தாங்கமாட்டார்கள். அவர்களுக்கு என்ன?

பருப்பு, நெய், அப்பளம், தயிர். மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை இந்த நான்கிலேயே ஓட்டிவிடலாம். தயிருக்குச் சில இடங்களில் தனி விலை, கேட்டு வாங்குங்கள். பிள்ளை சாம்பார் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதில் கிடக்கும் காயைத் தண்ணீரில் அலசிக் கொடுக்காதீர்கள். நெய்யை ஒரு சொட்டுக் கூடுதலாக விட்டுப் பிசைந்தால் காரம் தானே அடங்கும்.

பன்னிரண்டேகால் என்று மேலே சொன்னது பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். பசியில் அழத் தொடங்கிய குழந்தையை வரிசையில் தூக்கிக்கொண்டு நின்ற எவரும் அந்த மதியத்தை மறந்திருக்கமாட்டார்கள்.

சொதி சொதி என்கிறீர்களே, அது ஹோட்டலில் கிடைக்குமா?

கிடைக்கும், தினமும் அன்று. சில இடங்களில் ஞாயிற்றுக்கிழமை, சில இடங்களில் குறிப்பிட்ட கிழமை. முதல் நாள் மாலை தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவதே நல்லது. இந்த ஒரு விஷயத்தில் நம்பி வந்து ஏமாந்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே ஏழெட்டுப் பேர்.

சொதி என்பது தேங்காய்ப் பால் குழம்பு. நெல்லைச் சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் போடுவது. அதனால் 'மாப்பிள்ளைச் சொதி' என்றும் பெயர். தேங்காயைத் துருவி ஆட்டி மூன்று தடவை பால் எடுப்பார்கள். பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் தண்ணீராக இருக்கிற மூன்றாம் பாலில் வேகும். வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் பிறகு சேரும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்து விட்ட சாறுதான் காரம், மிளகாய்ப்பொடி கிடையாது, புளி கிடையாது. கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரைகட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாற்றையும் இறக்கிய பிறகுதான் பிழிவார்கள்.

இப்போது ஹோட்டல்காரரின் கஷ்டம் புரியும். சாம்பாரைப் போல அடுப்பிலேயே வைத்து மூன்று மணி வரை சூடு காட்ட முடியாது. திரும்பச் சூடாக்கினால் பால் ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம் என்று பிரியும். எனவே கொஞ்சமாகச் செய்வார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். பன்னிரண்டேகால் என்று நான் பிடிவாதம் பிடிப்பதில் பாதிக் காரணம் சொதிதான். கூடவே புளியும் வெல்லமும் சேர்த்த இஞ்சிப் பச்சடியும், உருளைக்கிழங்குப் பொரியலோ சிப்ஸோ வரும். பச்சடியை ஒதுக்கிவிடாதீர்கள். அவ்வளவு தேங்காய்ப் பாலையும் செரிக்க வைக்கிற பொறுப்பு அதனுடையது.

சொதி இல்லாத நாளில் எங்கள் ஊரில் கிடைக்காத வேறு எதைக் கேட்கலாம்?

உளுந்தஞ்சோறு. தொலி போக்காத கறுப்பு உளுந்தும் அரிசியும் பூண்டும் வெந்தயமும் தேங்காய்த் துருவலும் சேர்ந்து வெந்தது. எள்ளுத் துவையலோடு சாப்பிட வேண்டும். பார்க்க நிறமில்லாமல் இருக்கும், வாயில் வைத்தால்தான் தெரியும். காய்களும் பருப்பும் அரிசியும் ஒன்றாக வெந்த கூட்டாஞ்சோறு இன்னொன்று. இரண்டும் அடிப்படையில் வீட்டுச் சாப்பாடுதான், சில ஹோட்டல்களில் கலவைச் சாதம் விற்கிற இடத்தில் எட்டிப் பார்க்கும்.

தை மாதத்தை ஒட்டி வருகிறவர்கள் சிறுகிழங்குப் பொரியல் இருக்கிறதா என்று கேளுங்கள். விரல் நீளம்கூட இல்லாத கிழங்கு, மண்ணைப் போக்கித் தோலைச் சுரண்டுவதற்குள் பாதி நாள் போய்விடும். வீட்டில் கோணிச் சாக்கில் போட்டுத் தரையில் தேய்ப்போம். ஹோட்டலில் அதைச் செய்து போட்டால் கைகூப்பி விட்டுச் சாப்பிடலாம்.

விரதம் இருக்கிறோம். வெங்காயம், பூண்டு இல்லாமல் கிடைக்குமா?

உட்காருவதற்கு முன்னால் கேளுங்கள், இலை போட்ட பிறகு கேட்டால் சப்ளையரால் ஒன்றும் செய்ய முடியாது. சாம்பாரில் வெங்காயமும் ரசத்தில் பூண்டும் சாதாரணமாக இருக்கும். மேலே சொன்ன சொதி, உளுந்தஞ்சோறு இரண்டும் உங்களுக்கு ஆகாது. மோர்க்குழம்பு, அவியல், தயிர், பாயசம் ஆகியவற்றில் பெரும்பாலும் பயமில்லை, ஆனாலும் கேட்டுவிடுங்கள். கோயிலை ஒட்டிய பழைய ஹோட்டல்கள் சிலவற்றில் அமாவாசை, கார்த்திகை நாட்களில் வெங்காயம், பூண்டு சேர்க்காமலே சமைப்பார்கள்.

என் மகளுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. சோறுதானே, பயமில்லையே?

சோற்றில் பயமில்லை, பெருங்காயத்தில் இருக்கிறது. கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருப்பது வழக்கம். சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றிலும் அது விழும். ரவையில் செய்த கேசரி, சேமியாப் பாயசம் இரண்டும் கோதுமைதான். ஒவ்வாமை கடுமையானது என்றால் வெறும் சோறு, தாளிக்காத பருப்பு, நெய், தயிர் என்று கேட்டு வாங்குங்கள். அல்வாவை எட்டிக்கூடப் பார்க்க விடாதீர்கள்.

பில்லில் வரி சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது? 'சேவைக் கட்டணம்' கொடுக்கத்தான் வேண்டுமா?

சாதாரண ஹோட்டலில் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பில்லில் மத்திய அரசுக்கு 2.5, மாநில அரசுக்கு 2.5 என்று பிரித்துக் காட்டியிருக்கும். ஏசி அறைக்கு வரி அதிகம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2017 நவம்பர் 15 முதல் அந்த வேறுபாடு போய்விட்டது. ஏசி அறையில் சாப்பாட்டு விலையையே கூட்டி வைத்திருப்பார்கள், அது அவர்கள் வைக்கிற விலை. பெரிய தங்கும் விடுதிகளுக்குள் இருக்கிற உணவகங்களில் 18 சதவீதம் வரலாம். 'தொகுப்புத் திட்டம்' எனப்படும் முறையில் வரி கட்டுகிற சிறிய ஹோட்டல்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது, பில்லிலும் அதை எழுதியிருக்க வேண்டும்.

சேவைக் கட்டணம் வேறு, வரி வேறு. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல்காரர்கள் சங்கங்கள் வழக்குப் போட்டன, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதலை உறுதி செய்தது. எனவே எடுத்துவிடச் சொல்லலாம். ஒருமுறை எங்கள் பில்லில் அப்படி ஒரு கட்டணம் சேர்த்திருந்தார்கள். அண்ணன் குரலை உயர்த்தத் தயாரானார், மதினி மெதுவாக 'இது என்ன தம்பி?' என்று கேட்டாள். கல்லாவில் இருந்தவர் பேசாமல் பேனாவால் அடித்துவிட்டார். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இருக்க வேண்டும்.

அப்படியானால் டிப்ஸ்?

உங்கள் விருப்பம். கொடுப்பதென்றால் பரிமாறியவர் கையில் கொடுங்கள். மேசை துடைக்கிறவரை மறந்துவிடாதீர்கள்.

கோயில், சாப்பாடு, அல்வா மூன்றையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா?

முடியும், வரிசையை மாற்றாதவரை. காலையில் நெல்லையப்பர் கோயில். உச்சிக்காலப் பூஜை முடிந்து நடை சாத்தினால் மாலை நான்கு மணி வாக்கில்தான் திறப்பார்கள், அதனால் 'சாப்பிட்டுவிட்டுச் சாமி கும்பிடலாம்' என்பது நடக்காது. இசைத்தூண்களையும் தாமிர சபையையும் நிதானமாகப் பார்த்துவிட்டுப் பதினொன்றே முக்காலுக்கு வெளியே வந்தால் பன்னிரண்டேகாலுக்கு இலை. சாப்பிட்ட பிறகு வெயிலில் அலையாமல் ஒரு தூக்கம் போடுங்கள். மாலையில் குறுக்குத்துறை ஆற்றங்கரை, அப்புறம் அல்வா.

கீழ ரத வீதியில் கோயிலுக்கு எதிரே இருக்கிற இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். திறப்பதற்கு முன்பே வரிசை நின்றிருக்கும். ஊறிய சம்பா கோதுமையை அரைத்துப் பால் எடுத்து, புளிக்க வைத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறுவதுதான் நெல்லை அல்வா. கோதுமை இங்கே விளைவதில்லை, அந்தக் கடையைத் தொடங்கிய குடும்பமும் ராஜஸ்தானிலிருந்து வந்தது. ஆற்றுத் தண்ணீர்தான் எங்களுடையது. அதையே சொல்லிப் பெருமை அடித்துக்கொள்கிறோம். ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், நெய் உறைந்து மெழுகு போலாகிவிடும்.

குற்றாலம் அல்லது பாபநாசம் போகிறோம். சாப்பாட்டை எங்கே வைத்துக்கொள்வது?

குற்றாலம் இங்கிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர், இப்போது தென்காசி மாவட்டம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலம். முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு அருவிக்குக் கீழே நிற்காதீர்கள். காலையில் இரண்டு இட்லியோடு போய்க் குளித்துவிட்டு வந்தால், அந்தப் பசிக்கு ஹோட்டல்காரர் வைத்ததெல்லாம் அமிர்தம். ஆனால் அங்கே எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அந்தப் பசி வரும். குளியலைக் காலை எட்டு மணிக்கு வைத்துக்கொண்டு, தென்காசிக்குத் திரும்பி வந்து சாப்பிடுவது என் வழக்கம்.

பாபநாசத்தில் மலைக்கு மேலே ஹோட்டலை நம்பிப் போகாதீர்கள். அம்பாசமுத்திரத்தில் சாப்பிடலாம், அல்லது வீட்டிலிருந்து புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போகலாம். பொட்டலத்தை அவிழ்ப்பதற்கு முன்னால் மேலே பாருங்கள். அங்கே குரங்குகள் வரிசையில் நிற்பதில்லை.

பார்சல் வாங்கினால் அதே ருசி இருக்குமா?

இருக்காது, ஆனால் அளவு தாராளம். ஒரு பார்சல் சாப்பாட்டை இரண்டு பேர் சாப்பிடலாம். கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. வீட்டிலிருந்து தூக்குச்சட்டி கொண்டுபோனால் ஹோட்டல்காரருக்கும் மகிழ்ச்சி, ஒரு கரண்டி கூடவே விழும்.

எங்கள் மருமகன் வடக்கே பிறந்தவர். கையால் சாப்பிட்டுப் பழக்கமில்லை, இலையில் ரசம் ஓடுவதைப் பார்த்துப் பயப்படுகிறார்.

ஸ்பூன் கேட்டால் கொடுப்பார்கள், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். இலையில் ரசத்தை ஸ்பூனால் துரத்துவது மட்டும் நடக்காத காரியம். சோற்றை நடுவில் குழித்து அதில் ஊற்றச் சொல்லுங்கள். அல்லது ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துவிடட்டும், நாங்களே பாதிப் பேர் அப்படித்தான். அவரைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனை சொல்லாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாப்பிள்ளை அந்த யோசனைகளுக்குப் பயந்தே அடுத்த வருடம் வரவில்லை.

மறுவீட்டு விருந்தையே ஹோட்டலில் வைத்தால் என்ன? வீட்டில் யாராலும் முடியவில்லை.

வைக்கலாம், ஆனால் நான் வைக்கமாட்டேன். மேலே சொன்ன காரணத்தால் சொதி ஹோட்டலில் உங்கள் நேரத்துக்குக் காத்திருக்காது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றரைக்கு வந்து சேர்ந்தால் பிரிந்துபோன பாலைத்தான் பரிமாற வேண்டியிருக்கும். வேறு வழி உண்டு. கல்யாணச் சமையல் செய்கிற தவசிப்பிள்ளைகளிடம் சொதி, இஞ்சிப் பச்சடி, பொரியல் மூன்றை மட்டும் சொல்லிவிட்டால், ஆள் கணக்குக்குச் செய்து தருகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். சோற்றை வீட்டில் வடித்துக்கொள்ளலாம். தேங்காயை மட்டும் நீங்களே பார்த்து வாங்கிக் கொடுங்கள். முற்றிய காயில்தான் கெட்டியான பால் வரும்.

ஹோட்டலில்தான் என்று முடிவாகிவிட்டால், இரண்டு நாள் முன்னதாக மேலாளரைப் பார்த்து, எத்தனை இலை, எத்தனை மணி, ஒரே வரிசையில் இடம் என்று மூன்றையும் பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். அண்ணனும் மதினியும் தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த கதை மாப்பிள்ளை வீட்டாருக்கு நடக்கக் கூடாது.

ஆச்சி ஹோட்டலுக்கு வரவே மாட்டேன் என்கிறாள். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

ஏன் வரமாட்டாள் என்று முதலில் கேளுங்கள். யார் சமைத்தார்களோ என்கிற தலைமுறைப் பேச்சை முன்னால் வைப்பாள். பின்னால் வேறு காரணம் இருக்கும். படி ஏற முடியாது, நாற்காலி உயரம், கழிப்பறை எங்கே இருக்குமோ, பல் இல்லாமல் மெதுவாகச் சாப்பிடும்போது பின்னால் ஆள் நிற்பார்களே என்கிற கூச்சம். இவற்றில் பாதியைத் தரைத்தளத்து மேசையும் பன்னிரண்டு மணிப் பந்தியும் தீர்த்துவிடும். அந்த நேரத்தில் சப்ளையர்களுக்கும் பொறுமை இருக்கும், சோற்றைக் குழைவாகப் பார்த்துப் போடுவார்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். என் அம்மா கடைசி ஐந்து வருடம் எங்களோடு ஹோட்டலுக்கு வரவில்லை. அவளுடைய பித்தளைத் தூக்கில் ரசமும் கிண்ணத்தில் அவியலும் வாங்கி வருவோம். மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். பிறகு ரசத்தை ஈயச் செம்பில் ஊற்றி, நெய்யில் கடுகும் ஒரு மிளகாய் வற்றலும் புதிதாகத் தாளித்துக் கொட்டிக்கொண்டு சாப்பிடுவாள்.